புது பேட் போட்டும் நிற்காத கார்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரேக் பிடிக்காவிட்டால் பேடையும் டிஸ்க்கையும் மாற்றுங்கள் என்று உங்கள் வாகனப் பகுதியில் எழுதியிருந்தீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். என்னுடையது 25 வயதான டர்போ கார். ஓடுவதில் இளமை, நிற்பதில் கிழடு. நான்கு சக்கரத்துக்கும் புது பேட் போட்டேன். காசு போனதுதான் மிச்சம்.

பெடல் கல் மாதிரி இருந்தது. அதுதான் துப்பு, நான்தான் கவனிக்கவில்லை. மெத்தென்று அமுங்கினால் பெரும்பாலும் பிரேக் ஆயில் குழாயில் காற்று. மிதித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால், மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர்மேல் சந்தேகப்படலாம். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா? முதலில் பூஸ்டரைப் பாருங்கள்; வெற்றிடத்தின் உதவியால் நம் மிதிக்குப் பலம் சேர்ப்பது அதுதான். என்ஜினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே கீழே போக வேண்டும். என்னுடையது அசையவே இல்லை.

பூஸ்டருக்குப் போகும் வெற்றிடக் குழாயை வளைத்துப் பார்த்தேன். கிளாம்ப்புக்கு அடியில் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. விரலை வைத்து அழுத்தினால் 'உஸ்' சத்தம் நின்றது! சரி, குழாயோடு, பூஸ்டருக்குள் காற்று திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வையும் மாற்றினேன். டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் காரில் அந்த வால்வு பழுதானால் பூஸ்டரில் வெற்றிடம் நிற்காது.

அப்புறம் பிரேக் ஆயில். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155. ஆயில் கொதித்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. வேகமாக ஓட்டுகிறவர்கள் அதையும் மாற்றிவிடுங்கள். என்னுடையது காப்பி நிறத்தில் இருந்தது.

இப்படிக்கு,
பழைய காரை விற்க மனமில்லாத வாசகர்