எண்பத்தைந்தாம் வருடத்து வீடு

அன்புள்ள சேது,

உன் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. காரணம் சோம்பல்தான், வேறு எதைச் சொன்னாலும் நீ நம்பப்போவதில்லை. கமலா நலம், அவள் முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் தம்பியின் வழக்கு ஒருவழியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன், நிம்மதி. இனி விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டில் சினிமா எடுத்துவிட்டார்கள்.

சிரித்து முடித்தாயா? சரி, கேள்.

போன மாதம் ஓர் இளைஞன் வந்து கதவைத் தட்டினான். கலை இயக்குநரின் உதவியாளனாம். ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். டெலிபோன் போய்ப் பல வருடமாகியும் நான் எடுக்காமல் வைத்திருக்கும் டெலிபோன் ஸ்டாண்டை (இப்போது அதன்மேல் என் மாத்திரை டப்பா இருக்கிறது) நாலு கோணத்தில் படம் எடுத்தான். பிறகு, "1985இல் நடக்கிற கதை சார், ஒரு குமாஸ்தா வீடு. தெருத் தெருவாக அலைந்துவிட்டோம். உங்கள் வீட்டில் எதையுமே மாற்ற வேண்டாம்" என்றான். அவன் பாராட்டாகத்தான் சொன்னான், நானும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து கமலா கேட்டுவிட்டாள். பத்து வருடமாகத் திரைச்சீலையை மாற்றச் சொல்லிக்கொண்டிருப்பவள். அடுத்த இரண்டு நாளும் அவள் என்னிடம் பேசியதெல்லாம் "உங்கள் குமாஸ்தா வீட்டில்" என்று ஆரம்பித்துத்தான்.

எதையும் மாற்ற வேண்டாம் என்றவன் மறுவாரம் ஒரு லாரி நிறையச் சாமானோடு வந்து இறங்கினான். இழுப்புக் கதவு வைத்த டிவிப் பெட்டி, பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலிகள், கேசட் ரெக்கார்டர், பூப்போட்ட ரெக்ஸின் விரிப்பு. எல்லாம் கச்சிதமாக 1985. பிறகு தாத்தாவின் தேக்கு அலமாரியையும் அப்பாவின் சாய்வு மேசையையும் பின்கட்டுக்குத் தூக்கிப்போகச் சொன்னான். "அது வேறு காலம் சார்" என்றான்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. உனக்குத் தெரியும், தூண் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து படம் பார்த்தவனுக்கு எளிதில் கோபம் வராது, வந்தால் போகாது. "தம்பி, 1985இல் இந்த ஹாலில் அந்த அலமாரி இருந்ததா இல்லையா? நான் இங்கேதானே குடியிருந்தேன்?" என்று கேட்டேன். "இருந்திருக்கும் சார். ஆனால் பார்க்கிறவர்களுக்கு மூன்று வினாடியில் வருடம் புரிய வேண்டும்" என்றான்.

யோசித்துப் பார், சேது. எந்த வீட்டிலாவது எல்லாச் சாமானும் ஒரே வருடத்தில் வந்து சேருமா? கல்யாணத்தில் வந்தது ஒன்று, பாட்டி விட்டுப்போனது ஒன்று, போனஸில் வாங்கியது ஒன்று, யாரோ ஊர் மாறும்போது தலையில் கட்டியது ஒன்று. எல்லாம் ஒரே வருடத்துச் சாமானாக இருக்கிற வீடு பொருட்காட்சியில்தான் உண்டு, அல்லது திடீர்ப் பணக்காரனிடம். காலத்தைக் காட்டுகிறோம் என்று நினைத்துப் படத்தில் வரும் குமாஸ்தாவை அவனுக்கே தெரியாமல் பணக்காரனாக்கிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னதும் பையன் நோட்டை எடுத்துக்கொண்டு ஒயர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கேட்க ஆள் கிடைத்தால் என் கதி என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

சத்யஜித் ராயின் 'ஜல்சாகர்' படத்தில் ஆரம்பித்தேன். புரொஜெக்டர் மாமா ரீலை மாற்றிப் போட்டு, முதலில் செத்த ஜமீன்தார் பிறகு குதிரை ஏறினாரே, அதே படம்தான். நிலமெல்லாம் ஆற்றோடு போய்விட்டது, ஆனால் அந்த இசைக்கூடத்தில் தொங்கவிளக்கு இருக்கிறது, ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது, முன்னோர் படங்கள் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் வட்டிக்கடைக்காரரின் மகன் ஜெனரேட்டர் வைத்திருக்கிறான். அந்தச் சத்தம் இவர் மொட்டை மாடிவரை வருகிறது. ஒருவருக்கு மெழுகுவர்த்தி, இன்னொருவனுக்கு மின்சாரம், ஊரோ ஒன்றுதான், காலமும் ஒன்றுதான். மூன்று வினாடியில் வருடத்தைச் சொல்லவே முடியாத படம், ஆனால் யார் இறங்குகிறார், யார் ஏறுகிறான் என்பது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அரண்மனை நிஜம், ஆனால் இசைக்கூடம் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா ஸ்டூடியோவில் போட்ட செட் என்றேன். பையனுக்குக் கண் விரிந்தது. அவன் தொழில் அல்லவா.

அந்தப் படம் வந்தது 1958இல். அதே 1958இல்தான் ழாக் தாத்தியின் பிரெஞ்சுப் படம் 'மோன் ஓங்கிள்' வந்தது. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட்டு நீயும் நானும் இதைக் கவனிக்கவே இல்லை, எவ்வளவு மடையர்கள்! இங்கே ஒரு தொங்கவிளக்கு அணைகிறது. அங்கே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்காரரின் புது வீட்டுத் தோட்டத்தில் உலோக மீன் வாயால் தண்ணீர் பீச்சுகிறது. வாசல் மணி அடித்தால் வீட்டுக்காரி ஓடிப்போய் மீனைத் திறந்துவிடுவாள். வந்தது தம்பிதான் என்று தெரிந்ததும் மூடிவிடுவாள். புதுப் பணத்தின் பயத்தை இதற்குமேல் யார் சொல்ல முடியும்? நாற்காலிகள் பார்க்கத்தான், உட்கார அல்ல. தம்பியோ ஊரின் பழைய பகுதியில், ஒழுங்கில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிற ஒரு வீட்டின் உச்சியில் குடியிருக்கிறார். தன் அறைக்குப் போகப் படி ஏறி, இறங்கி, வளைந்து போக வேண்டும். அந்த வீட்டை யாரும் கட்டவில்லை, அது தானாகச் சேர்ந்தது. தாத்தாவின் அலமாரியைப் பற்றி நான் சொன்னதும் அதுதான்.

(உன் மகனின் புது வீட்டு ஹால் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே. அங்கே அந்த வெள்ளை சோபாவில் நுனியில் உட்கார்ந்திருந்தபோது மீனை மூடிவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.)

பையன் சும்மா இருக்கவில்லை. "இப்போது பணம் வேறு மாதிரி சார், 'பாரசைட்' பாருங்கள்" என்றான். உண்மைதான். 2019இல் வந்த அந்தக் கொரியப் படத்தில் பணக்கார வீட்டு ஹாலில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. ஒரு மேசை, கொஞ்சம் மரம், ஒரு சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, அதற்கு அப்பால் புல். இடத்தைச் சும்மா விட்டுவைக்க முடிகிறவன்தான் பணக்காரன். அரைப் பாதாள வீட்டிலோ ஜன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவர்களின் கால். கழிப்பறை மேடைமேல், கூரையை இடிக்கிற மாதிரி. இரண்டு வீடுமே செட். அந்த ஏழைத் தெருவை வெள்ளக் காட்சிக்காகத் தண்ணீர்த் தொட்டிக்குள் கட்டினார்களாம், பையன் சொன்னான். 'சிட்டிசன் கேன்' 1941லேயே இதைச் செய்துவிட்டது என்று நான் பதிலுக்குச் சொன்னேன். அந்த ராட்சதக் கணப்பின் முன்னால் மனைவி தரையில் உட்கார்ந்து துண்டுப் படங்களைச் சேர்த்துக்கொண்டிருக்க, கணவன் அறையின் மறுமூலையிலிருந்து கத்திப் பேசுவான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே காலியிடம் தண்டனை. இப்போது அது ஆடம்பரமாகிவிட்டது.

ஒரு விஷயத்தில் நான் தோற்றேன், சொல்லிவிடுகிறேன். ஏழை வீடு என்றால் வெறும் சுவரும் ஒரு பானையும் காட்டுவது உண்மை என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். "இல்லை சார், காலி வீடு என்பது கேமராவுக்குச் சௌகரியம். இல்லாதவர்கள் எதையும் தூக்கி எறிய மாட்டார்கள். டப்பா, கயிறு, பழைய பை, எல்லாம் எப்போதாவது உதவும் என்று அடுக்கியிருக்கும். நான் அப்படி வீட்டில் வளர்ந்தவன்" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. 'எதிர்நீச்சல்' மாதுவுக்கு வீடு என்பதே மாடிப்படிக்கு அடியில் கிடைத்த இடம்தான். அதே காலத்துப் படங்களில் பங்களா ஹாலின் நடுவில் வளைந்து இறங்குமே ஒரு படிக்கட்டு, அதிலிருந்து பணக்கார அப்பா டிரெஸ்ஸிங் கவுன் போட்டுக்கொண்டு இறங்குவார். படியில் இறங்குகிறவர் ஒருவர், படிக்கு அடியில் இருப்பவன் ஒருவன். இதை நான் பையனிடம் சொன்னேன், தோல்வியை மறைக்க.

மறுநாள் காலையில் பார்த்தால் தாத்தாவின் அலமாரி ஹாலுக்குத் திரும்பியிருந்தது. அதோடு பையன் கையில் ஒரு பழைய வால்வு ரேடியோ, 1950களின் மாடல். "நீங்கள் சொன்னதுதான் சார். 85இல்கூட இது வீட்டில் இருந்திருக்கும், பாட்டு வராவிட்டாலும் எறிந்திருக்க மாட்டார்கள்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கே வைப்பது என்று சுவரைத் தடவிக்கொண்டே போனான். ஜன்னலுக்கு வலதுபுறம் நின்றுவிட்டான். சுண்ணாம்புக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகள் அவன் விரலுக்குத் தட்டுப்பட்டன. "இங்கே முன்பு ஒரு பலகை இருந்ததா சார்?"

இருந்தது, சேது. அதன்மேல் என்ன இருந்தது, அது எந்த மாதம் போயிற்று, எதற்காகப் போயிற்று என்று தெரிந்தவர்கள் இன்று இரண்டே பேர், நீயும் நானும். அவனிடம் நான் சொல்லவில்லை. "ஆமாம், இருந்தது" என்று மட்டும் சொன்னேன். அது போன பிறகும் அப்பா மாலைச் செய்தி நேரத்துக்கு அந்த வெறும் பலகையின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார், நீயே பார்த்திருக்கிறாய். பலகையையும் கழற்றியது நான்தான். நான் பார்க்கத் தாங்காமல்.

'ரோமா' படத்தில், வீட்டை விட்டுப் போகிற அப்பா தன் புத்தக அலமாரிகளை மட்டும் எடுத்துப்போய்விடுவார். பிள்ளைகள் ஊரிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் புத்தகங்கள் தரையில் அடுக்கிக் கிடக்கும். அந்த டைரக்டர் தன் சிறுவயது வீட்டைத் திரும்பக் கட்டுவதற்காகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் போய்ப் பழைய மேசை நாற்காலிகளைச் சேகரித்தவர். அந்தக் காட்சியை முதலில் பார்த்தபோது நல்ல கற்பனை என்று நினைத்தேன். மரக்கட்டையின்மேல் அவன் விரல் நின்றபோதுதான் அது கற்பனையே இல்லை என்று தோன்றியது.

அதே இரண்டு கட்டைகளில் புதுப் பலகை அடித்தார்கள். ரேடியோவை வைத்தார்கள். விளக்கைப் போட்டதும் அதன் பச்சைக் கண் எரிந்தது. ஐந்து நாள் ஷூட்டிங். ஐந்து நாளும் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நானும் கமலாவும் அதன் எதிரே உட்கார்ந்திருந்தோம். குமாஸ்தா பேச்சை அவள் விட்டுவிட்டாள். நான்காம் நாள் அடக்க முடியாமல் எழுந்துபோய்ப் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உள்ளே வால்வு இல்லை, ஸ்பீக்கர் இல்லை. பச்சைத் தாளுக்குப் பின்னால் ஒரு சின்ன பல்பு. திரும்ப மூடி வைத்துவிட்டேன், கமலாவிடம் சொல்லவில்லை.

ரேடியோவைக் கொண்டுபோய்விட்டார்கள். பலகையை மட்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அதன்மேல் எதுவும் வைக்கவில்லை. கமலா புதுத் திரைச்சீலை வாங்கிவிட்டாள். படக் கம்பெனி கொடுத்த பணம் அதற்குச் சரியாக இருந்தது. பேசிய தொகையில் பாதி இன்னும் பாக்கி, அது வரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. வாசல் நிலையில் டிராலி இடித்த இடத்துக்கு யார் பூச்சு வைப்பது என்பதும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

இன்னொன்று. திண்ணையில் நீ உட்கார்ந்து கைப்பிடியை உடைத்தாயே, செம்புக் கம்பி சுற்றி வைத்திருக்கிற பிரம்பு நாற்காலி, அதைப் பையன் கண்டுபிடித்துவிட்டான். அந்தக் கம்பிச் சுற்றை எந்தச் செட்டிலும் செய்ய முடியாதாம். அடுத்த படத்துக்கு விலைக்குக் கேட்கிறான். கமலா கொடுத்துவிடச் சொல்கிறாள். உடைத்தவன் நீ என்பதால் உன்னைக் கேட்காமல் முடியாது என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை வருகிறான். அதற்குள் எழுது.

உன்
மூர்த்தி