படகும் குடிலும் இல்லாதவர்களின் கோடை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வட ஐரோப்பியக் கோடையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். படங்கள் வடிவாக இருந்தன. நள்ளிரவுச் சூரியனைப் பற்றி எழுதியவையும் சரியே. ஆனால் நோர்வேயில் சொந்தப் படகும் கடலோரக் குடிலும் வைத்திருப்பவர்களுக்குத்தான் கோடை, வெளியிலிருந்து வந்தவர்கள் அதைத் தள்ளி நின்று பார்க்கலாம் என்ற பொருள்படக் கட்டுரையை முடித்திருந்தது என்னை வருத்தியது. முப்பத்தாறு வருடமாக இங்கே இருக்கிறேன். என்னிடம் படகும் இல்லை, குடிலும் இல்லை. அந்த முடிவு பிழை என்று எழுதாமல் விட மனம் வரவில்லை. ஏனென்றால் பதினைந்து வருடத்துக்கு மேல் நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தவள்.

1989 இல் நான் வந்து சேர்ந்தது நோர்வேயின் வடகோடியில் உள்ள ஃபின்மார்க் கரையோரத்தில் ஒரு மீன்பிடி ஊர். எங்கள் ஆட்கள் பலரைப் போல எனக்கும் முதல் வேலை மீன் தொழிற்சாலையில்தான். கொட் மீனை முள் நீக்கி வெட்டும் வரிசையில் நின்றேன். அந்தப் பக்கம் மே நடுப்பகுதியில் ஏறுகிற சூரியன் யூலை கடைசி வரைக்கும் இறங்குவதில்லை. நாலு பேர் இருந்த வீட்டில் யன்னலுக்குக் கம்பளியை ஆணி அடித்துத் தொங்கவிட்டு, அதற்கு மேல் அடுப்படியில் இருந்த அலுமினியத் தாளையும் ஒட்டினோம். பின்நேர வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்கு வெளியே வந்தால், தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒரு கிழவர் ஏணியில் நின்று வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூசுவார். இந்தச் சனத்துக்கு நித்திரையே இல்லையா என்று பக்கத்தில் நின்று வேலை செய்த நோர்வேக்காரியிடம் கேட்டேன். "நித்திரையை மாரியில் கொள்ளலாம்" என்றாள். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் யனவரி நடுப்பகுதி கழியும் வரைக்கும் அங்கே தலைகாட்டாது. அந்த இருட்டை ஒருமுறை இருந்து கழித்த பிறகுதான் அவள் சொன்னது எனக்கு விளங்கியது.

அவள்தான் ஓகஸ்டில் ஒருநாள் என் கையில் ஒரு வாளியைத் தந்து சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போனாள். மூல்தெ என்ற பழம். ஒரு செடிக்கு ஒரு பழம்தான் காய்க்கும். சிவப்பாக இருந்தால் இன்னும் பழுக்கவில்லை. பழுத்தால் தேன் நிறத்துக்கு வந்து, தொட்டவுடன் கையோடு வரும். இது எங்கே காய்க்கும் என்பதைக் கூடப்பிறந்தவர்களுக்கே சொல்லாத குடும்பங்கள் வடக்கில் உண்டு. நூர்லாண்ட், துரொம்ஸ், ஃபின்மார்க் ஆகிய மூன்று இடங்களிலும் தன் நிலத்தில் மூல்தெ பிடுங்கக்கூடாது என்று நிலக்காரர் தடுக்கலாம். ஆனால் அந்த இடத்திலேயே நின்று சாப்பிடுகிறவரை அவராலும் தடுக்க முடியாது. சட்டமே அப்படித்தான் எழுதியிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு, பசிக்கு வாயில் போட உரிமை. அந்த நாளில் இது எனக்குச் சட்டம் என்றே தெரியாது, ஏதோ ஊர் வழக்கம் என்று நினைத்தேன்.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்தோம். முதியோர் இல்லத்தில் வேலை. யூலை மாதத்தில் மூன்று கிழமை இந்த நாடே ஓய்ந்துபோவதைக் கட்டுரையாளர் சோம்பலாக எழுதியிருக்கிறார். அது சோம்பல் அல்ல, தொழிலாளர்கள் வாங்கிக்கொண்ட உரிமை. 1947 இல் எல்லாத் தொழிலாளருக்கும் மூன்று கிழமை விடுமுறை சட்டமானது, 1964 இல் நாலாவது கிழமையும் வந்தது. யூன் முதலாம் தேதிக்கும் செப்டெம்பர் 30 க்கும் இடையில் தொடர்ச்சியாக மூன்று கிழமை லீவு கேட்டால் முதலாளி தந்தே ஆகவேண்டும். லீவில் நிற்கிறவருக்குக் கையில் காசும் வேண்டும் அல்லவா? அதற்கென்று முந்தைய வருடச் சம்பளத்தில் 10.2 வீதம், ஐந்தாவது கிழமைக்கும் ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு 12 வீதம், பெரும்பாலும் யூன் மாதத்தில் கைக்கு வரும். அறுபதைத் தாண்டினால் இன்னொரு கிழமை கூடும். எனக்கு இப்போது ஆறு கிழமை.

ஆனால் பல வருடம் நான் அந்த லீவை எடுக்கவில்லை. யூலையில்தான் எல்லா இடத்திலும் ஆள் பற்றாக்குறை. மேலதிக வேலை தேடி வரும். ஊரில் தங்கச்சியின் கலியாணம், அம்மாவின் மருந்து, தம்பியின் பயணச் செலவு எல்லாம் அந்தக் காசில்தான் நடந்தன. அதற்காக நான் வருந்தவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்ட எட்டுக் கிழமையும் நாலாம் மாடிப் பல்கனியில் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்ததற்காகத்தான் வருந்துகிறேன்.

ஒருமுறை, 2003 இல் என்று நினைவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பார்சலும் பாயும் கொண்டு, கடல் நிலத்துக்குள் நீண்டு நுழைகிற ஃபியூர்டின் கரைக்குப் போனோம். பாறையில் பாயை விரித்து அரை மணி ஆகவில்லை, மேலே இருந்த வீட்டுக்காரர் இறங்கி வந்து ஒரு பலகையைக் காட்டினார். ‘தனியார்’ என்று எழுதியிருந்தது. மறுபேச்சில்லாமல் பாயைச் சுருட்டினோம். பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது மூத்தவன் கேட்டான், "அம்மா, கடலும் அவரின்ரையோ?" அவனுக்கு அப்போது ஒன்பது வயது. நான் பதில் சொல்லவில்லை. ஓம் என்றுதான் என் மனதில் இருந்தது. அதற்குப் பிறகு கரைப்பக்கம் நாங்கள் போகவேயில்லை.

பல வருடம் கழித்து, நான் வேலை செய்த இல்லத்தில் இருந்த ஒரு முதியவருக்குக் காலைச் சாப்பாடு ஊட்டும்போது இந்தக் கதையைச் சொன்னேன். நகரசபையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். கரண்டியைத் தள்ளிவிட்டுச் சட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். 1957 யூன் 28 ஆம் தேதிச் சட்டம். பயிரும் தோட்டமும் முற்றமும் இல்லாத வெளி நிலத்தில் யாரும் நடக்கலாம், நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி. அப்படிப்பட்ட கரையில் இறங்கிக் குளிக்கலாம், குடியிருக்கும் வீட்டிலிருந்து நியாயமான தூரம் விட்டால் போதும். வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி, கேட்காமலே இரண்டு இரவு கூடாரம் போடலாம். காட்டுப் பழம், காளான், பூ பறிக்கலாம். சட்டப்படி போகக்கூடிய இடத்தில் பலகை வைத்து ஆட்களை மறிப்பதுதான் குற்றம். 1965 இலிருந்து கரையை ஒட்டிய 100 மீற்றருக்குள் புதிதாகக் கட்டடம் எழுப்பவும் தடை உண்டு என்றார். இந்த உரிமைக்கு நோர்வேப் பிரசையாக இருக்கவேண்டும் என்று எங்கும் எழுதியில்லை, நாட்டுக்குள் நிற்கிற எவருக்கும் அது உண்டு. எங்களை எழுப்பிய மனிதரின் பாறை அவருடைய முற்றத்தோடு ஒட்டியிருந்தால் அவர் சொன்னது சரி. ஆனால் எவ்வளவு தூரம் தள்ளி இருக்கலாம் என்று ஒரு வார்த்தை நாங்கள் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லப்பட்டதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டோம்.

அடுத்த யூலையில் முதன்முறையாக மூன்று கிழமை லீவு எடுத்தேன். பஸ்ஸுக்கும் ட்ராமுக்கும் வாங்கும் அதே ரிக்கெற்றில் ஒஸ்லோ ஃபியூர்டின் தீவுகளுக்குப் படகில் போகலாம் என்பதும் அந்த வருடம்தான் எனக்குத் தெரியும். ஹூவெட்ஓயா தீவுக்குப் பத்து நிமிடம்கூடச் செல்லாது. 1147 இல் வந்த துறவிகள் கட்டிய மடத்தின் இடிபாடுகளுக்கு நடுவே இன்றைக்குச் சனம் பாய் விரித்துப் படுத்திருக்கும். நகரமண்டபத்துக்கு முன்னால் கட்டியிருக்கும் வள்ளங்களில், கடலிலேயே அவித்த இறாலைக் கடதாசிப் பையில் போட்டுத் தருவார்கள். வெள்ளைப் பாண், மயோனைஸ், தேசிக்காய், கொஞ்சம் டில் இலை. ஒவ்வொன்றாகக் கையால் உரித்து உரித்துச் சாப்பிட ஒரு பின்நேரம் போய்விடும்; அவசரப்படுகிறவர்களுக்கு ஏற்ற சாப்பாடு அல்ல. நாங்கள் பக்கத்தில் மிளகாய்த்தூளும் வைத்துக்கொள்வோம். தலையும் கோதும் வீட்டுக்கு வந்து குழம்பாகும்.

கட்டுரையில் இன்னொரு பிழையும் உண்டு. பூவும் இலையும் சுற்றிய கம்பத்தைச் சுற்றி ஆடும் படத்தைப் போட்டு, நோர்வேயின் நடுக்கோடை விழா என்று எழுதியிருந்தீர்கள். அது சுவீடனின் வழக்கம். அங்கே 1953 இலிருந்து யூன் 19 க்கும் 25 க்கும் இடையில் வருகிற வெள்ளிக்கிழமையில் அதைக் கொண்டாடுகிறார்கள். அங்கே இருக்கும் என் மச்சாள் வீட்டுக்கு அந்த நாளில் போயிருக்கிறேன். புது உருளைக்கிழங்கும் ஊறவைத்த ஹெரிங் மீனும் கடைசியில் ஸ்ட்ரோபெரியும் இல்லாத மேசை கிடையாது. நோர்வேயிலும் டென்மார்க்கிலும் யூன் 23 இரவு தீ மூட்டுவார்கள். புனித யோவானின் திருநாளுக்கு முந்திய இரவு அது. இங்கே அதற்கு லீவும் கிடையாது, வேலை முடிந்துதான் கரைக்குப் போவார்கள். மேற்குக் கரை ஓலெசுண்டில் 2016 இல் 47 மீற்றர் உயரத்துக்கு அடுக்கி எரித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் போகாது. தண்ணீரில் அந்த வெளிச்சம் விழும்போது எனக்குக் கார்த்திகைச் சொக்கப்பனை நினைவுக்கு வரும், ஒவ்வொரு வருடமும்.

அந்த இரவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏழு வகைப் பூப் பறித்துத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தால், கட்டப்போகிறவர் கனவில் வருவார் என்பது. சில வருடங்களுக்கு முன் எங்கள் இல்லத்தில் தொண்ணூற்றொரு வயதான ஒரு அம்மா, வேலைக்கு வரும் வழியில் ஏழு பூ கொண்டுவரச் சொன்னார். மஞ்சள் நடுவுள்ள வெள்ளைப் பூ, சிவப்புக் குளோவர், நீல மணிப்பூ என்று வீதியோரத்தில் பிடுங்கிச் சேர்த்துக் கொடுத்தேன். பெயர் தெரியாதவற்றுக்கெல்லாம் அவரே பெயர் சொன்னார். "உங்களுக்கு யார் வரவேண்டும்?" என்று கேட்டேன். "முன்பு வந்தவரேதான்" என்றார். கணவர் போய் இருபது வருடத்துக்கு மேல். விடிய நான் திரும்பவும் வந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். பூக்களை எறியவேண்டாம் என்று சொல்லி, வேதப்புத்தகத்துக்குள் வைக்கச் சொன்னார்.

எங்கள் சமூகத்துக்கு ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். நீந்தப் பழகுங்கள். ஊரில் பரவைக்கடலில் முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்தவர்கள் நாங்கள். இங்குள்ள ஏரி அப்படியல்ல, இரண்டு அடி வைத்தால் மூன்றாவது அடிக்கு நிலம் இராது, யூலையிலும் ஆழத்தில் தண்ணீர் பனிபோலக் குளிரும். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு முடியும்போது பிள்ளைக்கு நீந்தத் தெரிந்திருக்கவேண்டும். 100 மீற்றர் குப்புற, 100 மீற்றர் மல்லாக்க, நடுவில் மூழ்கி அடியில் கிடக்கும் பொருளை எடுத்து வரவேண்டும் என்பது அதன் அளவுகோல். நீச்சல் பாடத்துக்குப் பிள்ளையை அனுப்பாமல் காய்ச்சல் என்று கடிதம் எழுதிக் கொடுக்கிற பெற்றோரை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் பெண்களுக்கான வகுப்பில் சேர்ந்து ஐம்பத்திரண்டாவது வயதில் பழகினேன். இப்போது பேத்தியோடு சொங்ஸ்வான் ஏரியில் இறங்குகிறேன்.

யூலை கடைசியில் காட்டில் புளோபார் என்ற சிறு பழம் பழுக்கும். கடையில் விற்கும் புளூபெரி வேறு, உள்ளே வெள்ளையாக இருக்கும். இது உள்ளேயும் கறுப்பு, நாக்கும் விரலும் இரண்டு நாளைக்கு ஊதாவாகவே நிற்கும். வீட்டுக்கு வந்தபின் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் காதுக்குப் பின்னாலும் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து யூன், யூலையில் வருகிற அம்மாமார், அப்பாமார் பலர் உங்கள் வாசகர்கள். மூன்று மாதமும் அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்காகவாவது அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியைத் திருத்திப் போடுங்கள். நான் மேலே சொன்ன 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் ஃப்ரிலுஃப்ட்ஸ்லோவென். பலகையோடு யாராவது மறித்தால் சொல்வதற்கு அந்தப் பெயர் உதவும். கூடவே இன்னொரு வரியும் சேர்த்துவிடுங்கள்: ஏப்ரல் 15 இலிருந்து செப்டெம்பர் 15 வரை காட்டிலோ காட்டை அண்டியோ அனுமதி இல்லாமல் தீ மூட்டக்கூடாது. கடலோரப் பாறை போலத் தீ பரவ வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் விலக்கு உண்டு, வரட்சி என்றால் நகரசபை அதையும் நிறுத்திவிடும். 2018 இல் அப்படி நிறுத்தினார்கள். கோழி சுடக் கரி அடுப்போடு போகிறவர்கள் புறப்படுமுன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒஸ்லோ, நோர்வே