பழைய போட் மோட்டரை இரும்புக்குப் போடாதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கொட்டேஜ் வாங்கிற ஆக்களுக்கெண்டு உங்கட பேப்பரில வந்த கட்டுரை நல்லாய்த்தான் இருந்தது, ஆனா ஷெட்டுக்குள்ள கிடக்கிற பழைய அவுட்போர்ட் மோட்டரை, அதுதான் வள்ளத்தின்ர பின்பக்கத்தில பூட்டுற மோட்டரை, இரும்புக்காரனிட்டைக் குடுத்துப்போட்டுப் புதுசு வாங்கச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தீங்கள், அந்த வரிக்காகத்தான் இதை எழுதிறன். ஒண்டாரியோவில ஏரிக்கரைப் பழைய கொட்டேஜ்களில ஜோன்சன், எவின்றூட் எண்ட பேருகளில வந்த மோட்டர் ஒண்டு சாக்கால மூடிக் கிடக்கிறது புதினமில்லை, அதில கனக்க இங்க பீற்றர்பரோவில செய்தது. அதுகளை இங்க செய்த கொம்பனியின்ர பழைய கட்டடத்திலதான் பேந்து கனூ மியூசியம் 1997 இல இருந்து கன காலம் இருந்தது. எவின்றூட் எண்ட மனுசன் அமெரிக்காவில மில்வோக்கியில 1909 இல விக்கத் தொடங்கின மோட்டர் ஒண்டரைக் குதிரைவலு, 62 றாத்தல். அந்தப் பேரில மோட்டர் செய்யிறதை 2020 இல நிப்பாட்டிப்போட்டினம், இனி வராது. அதால கையில இருக்கிறதை எறிய முதல் ஒருக்கா யோசியுங்கோ.

நான் சொல்லுறது 1950களில வந்த ரெண்டு சிலிண்டர் சின்ன மோட்டர்கள், 5.5, 10 குதிரைவலுச் சாமான். முதல் வேலை, கயிறை இழுக்காதேங்கோ. எல்லாரும் அதைத்தான் முதல் செய்யினம், வருசக்கணக்காக் காஞ்சு கிடந்த சிலிண்டருக்குள்ள பிஸ்டன் ரிங் இறுகியிருந்தா அதிலயே கீறல் விழுந்திடும். ஸ்பார்க் பிளக் ரெண்டையும் கழட்டி, ஓட்டைக்குள்ள கொஞ்சம் துரு இளக்கிற ஒயிலை விட்டு ரெண்டு மூண்டு நாள் அப்பிடியே விடுங்கோ, பேந்து மோட்டரின்ர மேல்பக்கத்தில இருக்கிற பாரச் சில்லை, ஃபிளைவீலை, கையால மெல்லமாச் சுத்திப் பாருங்கோ, அசையாட்டி இன்னும் ஒயில் விட்டுப் பொறுங்கோ, சுத்தியலால மட்டும் அடிக்க வேண்டாம். சுத்தினா பிளக் ஓட்டையை விரலால பொத்திக்கொண்டு கயிறை இழுத்துப் பாக்கலாம், ரெண்டு பக்கமும் ஒரேமாதிரி விரலைத் தள்ளவேணும். ஒரு பக்கம் காத்தே இல்லையெண்டா ஹெட் கஸ்கெட்டையோ (சிலிண்டர் மூடிக்கு இடையில வைக்கிற தகடு) ரிங்கையோ பாக்கவேணும், அங்க கொஞ்சம் செலவிருக்கு.

காத்து நல்லாயிருந்தும் ஸ்டார்ட் வரேல்லையெண்டா நான் முதல் சந்தேகப்படுறது பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற கொயிலைத்தான். அந்தக் காலத்துக் கொயிலுகளின்ர மேல்பூச்சு வெடிச்சுப் பிளந்திடும், அதுக்குள்ளால ஈரம் போய் ஸ்பார்க் செத்திடும், அதை ஒட்டிக் கட்டி ஒண்டும் செய்யேலாது, மாத்தவே வேணும். நல்ல விசயம் என்னெண்டா கொயில் இருக்கிற அந்த ஸ்பார்க் உண்டாக்கிற பகுதியை, மக்னீற்றோ எண்டுறது, அந்த ஒரே மாதிரியைத்தான் 50களில இருந்து 70கள் மட்டும் சின்ன மோட்டர் கனக்கத்துக்குப் போட்டவை, அதால கொயில், பொயின்ற்ஸ் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடுற ரெண்டு முகம்), கொண்டென்சர் எல்லாம் இண்டைக்கும் புதுசா வாங்கலாம். ஃபிளைவீலைக் கழட்டேக்க நடுவில இருக்கிற மூண்டு ஓட்டையில போல்ட் பூட்டி இழுக்கிற கருவியை, புள்ளரை, பாவியுங்கோ, விளிம்பில பிடிச்சு இழுத்தா வளைஞ்சிடும். பொயின்ற்ஸ் இடைவெளி ஒரு அங்குலத்தில ஆயிரத்தில 20 பங்கு (0.020 அங்குலம்), இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு, ஃபீலர் கேஜ், வைச்சுப் பாருங்கோ, வைக்க முதல் அந்த ரெண்டு முகத்தையும் ஸ்பிரிட் நனைச்ச துணியால துடையுங்கோ, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமே ஸ்பார்க்கை நிப்பாட்டிப் போடும்.

இனி பெற்றோல் ராங்க், இதைக் கட்டாயம் எல்லாரும் தெரிஞ்சுகொள்ள வேணும். 50களில வந்த கனக்க மோட்டருக்குப் பெற்றோல் பம்ப் இல்லை. ரெட்டைக் குழாய் ஒண்டு வரும், ஒரு குழாயால மோட்டர் காத்தை ராங்குக்குள்ள தள்ளும், அந்த அமுக்கத்தில மற்றக் குழாயால பெற்றோல் ஏறும். இது தெரியாம கடையில ஒத்தைக் குழாய் ராங்க் வாங்கி மாட்டிப்போட்டு ஓடேல்லை, மோட்டர் பழுது எண்டு தூக்கி எறியிறவை இருக்கினம், பாவம், மோட்டரில ஒரு பிழையும் இல்லை. ஆனா அந்தப் பழைய அமுக்க ராங்கின்ர ரப்பர் காஞ்சிருந்தா பெற்றோல் சீறிப் பாயும், அதை ரப்பர் எல்லாம் மாத்தாமல் பாவிக்கவே கூடாது, பக்கத்தில சிகரெட்டோடை ஒருத்தரும் நிக்கவும் கூடாது. ஒரு பம்ப் பூட்டி ஒத்தைக் குழாய்க்கு மாத்துறவையும் இருக்கினம், என்ர அபிப்பிராயத்தில ஓட்டத்துக்கு வைச்சிருக்கிற மோட்டருக்கு அதுதான் நல்லது.

பெற்றோலையும் காத்தையும் கலக்கிற காபரேற்றரைக் கழட்டினா உள்ள பிசின்மாதிரிக் காஞ்ச பெற்றோல் இருக்கும், கிளீனர் அடிச்சு ஒவ்வொரு ஓட்டைக்குள்ளாலயும் காத்து வருதோ எண்டு பாருங்கோ, கம்பி விட்டுக் குத்தாதேங்கோ. அதுக்குள்ள பெற்றோல் மட்டத்தைப் பாக்கிற மிதப்பு தக்கையில செய்தது, அதின்ர பூச்சை இப்பத்தைப் பெற்றோலில கலக்கிற எதனோல் கரைச்சிடும், தக்கை பெற்றோலைக் குடிச்சுத் தாழும். ஒயில் கலவை 24க்கு 1, அதாவது 24 லீற்றர் பெற்றோலுக்கு ஒரு லீற்றர் ஒயில், போட்டுக்கெண்டு விக்கிற டூ ஸ்ட்ரோக் ஒயிலாப் பாத்து வாங்குங்கோ. இப்பத்தை 50க்கு 1 கணக்கில ஊத்தினா பெயரிங் காய்ஞ்சு போகும்.

ஸ்டார்ட் வந்தாலும் தண்ணி இல்லாம ஓடவிடாதேங்கோ, பெரிய குப்பை வாளியில தண்ணி நிரப்பி அதுக்குள்ள மோட்டரின்ர காலை (தண்ணிக்குள்ள நிக்கிற கீழ்ப்பகுதி) இறக்கி ஓடுங்கோ. மோட்டரைக் குளிராக்கிற தண்ணிப் பம்பின்ர ரப்பர் இம்பெல்லர் (சுத்துற சில்லு) கிடந்து கிடந்து வளைஞ்சே இறுகியிருக்கும், அதைக் கேள்வி இல்லாம மாத்துங்கோ. இந்த மோட்டர்களில இப்பத்தையான்மாதிரித் தண்ணி நூலா அடிக்காது, காலின்ர பின்பக்க ஓட்டையால புகையோடை தூறலா வந்தாச் சரி. கீழ் கியர் ஒயில் பால்மாதிரி வெள்ளையா வந்தா உள்ள தண்ணி போயிருக்கு, தண்ணியைத் தடுக்கிற ரப்பர் சீல்களை மாத்தாம பனிக்காலத்துக்கு விட்டா உறைஞ்சு கியர்ப்பெட்டியே வெடிக்கும். சில மொடலில வடிக்கிற திருகாணிக்குப் பக்கத்தில நட்சத்திரத் தலையோட இன்னொண்டு இருக்கும், அது கியர் மாத்திற தண்டைப் பிடிச்சிருக்கிறது, அதில கை வைக்காதேங்கோ.

இப்பிடி ஒயிலும் சேந்து எரியிற டூ ஸ்ட்ரோக் மோட்டர் புகைக்கும், ஏரிக்குக் கூடாது எண்டு சொல்லுவினம், அது நியாயமான கதை. நாள் முழுக்க ஓட்டுறவைக்கு நானும் புது நாலு ஸ்ட்ரோக்கைத்தான் சொல்லுவன். கோடையில எப்பவாவது மீன் பிடிக்கப் போறவைக்குத்தான் இந்தக் கதை. ஊரில பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெயில மோட்டசைக்கிள் ஓடவைச்ச ஆக்கள் இண்டைக்கு ஸ்காபரோவில ரிட்டயராகி வீட்டில இருக்கினம், அவையிட்டை இந்த வேலையைக் குடுத்துப் பாருங்கோ, பேரப்பிள்ளையளையும் பக்கத்தில இருத்துங்கோ. நீங்களும் இதைப்பற்றி அவையைக் கேட்டு எழுதினா நல்லது ஐயா.

இன்னொண்டு, ராங்கில இருந்து வடிக்கிற பழைய பெற்றோலையும் கியர் ஒயிலையும் புல்லுக்குள்ள ஊத்தாதேங்கோ, மூடி உள்ள கானில விட்டு உங்கட நகரசபையின்ர நச்சுக் கழிவு எடுக்கிற இடத்தில குடுங்கோ.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
ஸ்காபரோ