ஃபென்பான் பாதையில் எந்தத் திசையில் ஓட்டுவது?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வு பெற்ற கையோடு நீயும் சுமதியும் ஜூனில் மகளைப் பார்க்கக் கொலோன் போகிறீர்கள், அதில் மூன்று நான்கு நாளைச் சைக்கிளுக்கென்றே ஒதுக்கிவிட்டீர்கள் என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். கார், லாரித் தொல்லை இல்லாத மலைக்காட்டுப் பாதை வேண்டும், வழியில் பழைய ஊர்கள் வேண்டும், சுமதியின் முழங்காலும் தாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். மூன்றுக்கும் பொருந்துகிற பாதை கொலோனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெயர் ஃபென்பான். ஜெர்மனியின் ஆஹனில் தொடங்கி, பெல்ஜியத்தின் கிழக்கு ஓரமாகப் போய், லக்சம்பர்க்கின் ட்ருவாவியேர்ஜில் முடிகிறது. மொத்தம் 125 கிலோமீட்டர்.

இது பழைய ரயில் தடம். 1880-களில் பிரஷ்ய அரசு போட்டது. ஆஹன் பக்கத்துச் சுரங்கங்களின் நிலக்கரி தெற்கே லக்சம்பர்க் இரும்பு உலைகளுக்குப் போகும், அங்கிருந்து இரும்புத் தாது வடக்கே வரும். கடைசியில் ஓடிய சுற்றுலா ரயிலும் 2001-இல் நின்றது. 2013-இல் முழுப் பாதையும் சைக்கிளுக்காகத் திறக்கப்பட்டது. சரக்கு இழுக்கிற நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி, மலையைச் சுற்றிச் சுற்றியே தடத்தைக் கொண்டுபோனார்கள். அந்தச் செலவின் பலன் இன்று சைக்கிள்காரனுக்கு. நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்பதுதான் ஏறத்தாழ உச்ச ஏற்றம். தளம் பெரும்பாலும் வழவழப்பான தார்.

"இரண்டு சதவீதம் எல்லாம் ஒரு ஏற்றமா" என்று மட்டும் நினைத்துவிடாதே. ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 105 கிலோ என்று வை. சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டரில் போக ஐம்பது வாட் சொச்சம் போதும். அதே வேகத்தில் இரண்டு சதவீதம் ஏற 140 வாட் வேண்டும். கண்ணுக்குப் பாதை சமதளம் போலத்தான் தெரியும். அதனால்தான் முதல்முறை வருகிறவர்கள் வேகம் குறைந்ததும் பிரேக் உரசுகிறதோ, காற்று இறங்கிவிட்டதோ என்று இறங்கி இறங்கிப் பார்க்கிறார்கள். இரண்டு பல் இளகிய கியருக்கு மாற்றிக்கொண்டு மணிக்கு 11, 12 என்று போனால் நாள் முழுக்கப் போகலாம்.

திசைக்கு வருகிறேன். பலரும் ஆஹனில் தொடங்கித் தெற்கே போகிறார்கள். நீங்கள் ட்ருவாவியேர்ஜில் தொடங்கி வடக்கே வாருங்கள். ஆஹனில் தொடங்கினால் உடம்பு பழகாத முதல் நாளிலேயே லாமர்ஸ்டோர்ஃப் வரை முப்பது கிலோமீட்டருக்கு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். தெற்கிலிருந்து வந்தால் அதுவே கடைசி நாளின் இறக்கம். இன்னொன்று காற்று. அந்த மேட்டில் அடிப்பது பெரும்பாலும் மேற்கு, தென்மேற்குக் காற்று. வடக்கே போகிறவருக்கு அது முதுகுப் பக்கம்.

கொலோனிலிருந்து ஆஹன், லியேஜ் வழியாக ரயிலில் ட்ருவாவியேர்ஜ் போய்விடலாம். நீங்கள் லக்சம்பர்க் நகரத்தைப் பார்த்துவிட்டு வருவதானால் இன்னும் சௌகரியம். 2020 மார்ச்சிலிருந்து அந்த நாட்டுக்குள் இரண்டாம் வகுப்பு ரயிலும் பஸ்ஸும் எல்லோருக்கும் இலவசம், ரயிலில் சைக்கிளுக்கும் காசு இல்லை. ஜெர்மனியில் அப்படி இல்லை. மாதச் சீட்டு வைத்திருந்தாலும் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். வேக ரயிலில் சைக்கிள் இடத்தை முன்கூட்டியே பதிய வேண்டும்.

நாள் கணக்கு இப்படி வைக்கலாம்: முதல் நாள் சாங்க்ட் ஃபித் வரை ஏறத்தாழ 35 கிலோமீட்டர், இரண்டாம் நாள் மோன்ஷாவ் வரை 45-க்குக் கொஞ்சம் மேல், மூன்றாம் நாள் ஆஹனுக்கு இன்னொரு 45. தூரத்தை மட்டும் பார்த்தால் இதை இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், ஊர்கள் விட்டுப்போகும். இந்தப் பாதையில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயமே அதுதான். ஊர்கள் ரயிலுக்குப் பல நூற்றாண்டு முந்தியவை. ஆற்றையும் கோட்டையையும் ஒட்டிப் பள்ளத்தாக்கின் அடியில் உட்கார்ந்திருக்கின்றன. ரயில் தடமோ ஏற்றம் கூடாமல் இருக்க மலைச் சரிவின் மேலேயே ஓடுகிறது. ஆகவே பார்க்க வேண்டிய பல இடங்களுக்கு இறங்கித்தான் போக வேண்டும், திரும்ப ஏறித்தான் வர வேண்டும். முழங்காலைச் சோதிப்பது அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். சைக்கிளின் கியரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அதற்காகத்தான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் பெடலோடு சுற்றுகிற பல்சக்கரத்தில் 26 பல், பின்னால் உள்ளதில் 34 பல் இருந்தால், பன்னிரண்டு சதவீத ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீட்டரில் போகும்போது நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதிக்கலாம். முன்னால் 34, பின்னால் 28 என்றால் அதே வேகத்துக்கு முப்பத்தெட்டு சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியும் முழங்காலை நசுக்கும். வாடகைக் கடையில் இதைக் கேட்டு வாங்கு. முன் பல்சக்கரத்தின் மிகச் சிறிய பல் எண்ணிக்கை பின் பல்சக்கரத்தின் மிகப் பெரிய பல் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். சுமதிக்கு மின்சார சைக்கிள் எடுத்தாலும் நல்லதுதான். 500 வாட்மணி பேட்டரியைக் குறைந்த உதவியில் வைத்து ஓட்டி, இரவில் சார்ஜ் போட்டால் ஒரு நாளைக்குத் தாராளம். ஆனால் அந்தச் சைக்கிள் 25 கிலோ இருக்கும். லிஃப்ட் இல்லாத ஸ்டேஷனில் படியேற்ற ஆள் பலம் வேண்டும்.

சீட் உயரத்தைக் கடையிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். அரை சென்டிமீட்டராக மாற்றிப் பார்க்கச் சொல்.

37 மில்லிமீட்டர் அகல டயர் போதும், மலைச் சைக்கிளின் முள் டயர் தேவையில்லை. பின்னால் 55 பவுண்டு, முன்னால் 50 பவுண்டு காற்று. பைகளின் கனத்தைப் பின் கேரியரிலேயே குவித்தால் முதலில் போவது பின் சக்கரத்தின் செயின் பக்கத்து ஸ்போக்ஸ்தான். கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திப் பார், தொளதொளவென்று ஒன்று இருந்தாலும் கடையிலேயே இறுக்கச் சொல். கேரியரின் போல்ட்டுகளை ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு தடவை திருகிப் பார்ப்பது நல்லது, அதிர்வில் கழன்றுகொள்ளும். பஞ்சர் ஆனால் புது டியூப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார். முள் உள்ளேயே இருந்தால் அடுத்த டியூபும் ஐந்து நிமிடத்தில் போகும்.

இனி வழி. ட்ருவாவியேர்ஜிலிருந்து கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே எல்லையில் லெங்கலர் சுரங்கம். 790 மீட்டர் நீளம். வௌவால்களின் குளிர்கால உறைவிடம் என்பதால் மூடிவைத்திருக்கிறார்கள். சுரங்கம் குடைந்த குன்றின் மேலேயே ஏறி இறங்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் ரயில் சரிவை எதிர்பார்க்காதே, சிறு சாலை, வண்டியும் வரும். காலை வேளையில் புத்துணர்ச்சியோடு இருக்கும்போதே இது முடிந்துவிடுவது தெற்கில் தொடங்குவதன் இன்னொரு லாபம்.

அடுத்து புர்க் ராய்லாண்ட். இடிந்த இடைக்காலக் கோட்டை ஒன்று ஊருக்கு மேலே நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு நிற்க ஏற்ற இடம். அங்கிருந்து சாங்க்ட் ஃபித் வரை ஏற்றம். சாங்க்ட் ஃபித் பழைய ஊர்தான், ஆனால் பழைய வீடுகளைத் தேடாதே. 1944 டிசம்பர் குண்டுவீச்சில் ஊரே தரைமட்டமாயிற்று. இடைக்காலத்தின் மிச்சமாக ப்யூஹெல் கோபுரம் மட்டும் நிற்கிறது. படுக்க, சாப்பிட, பிரேக் கட்டை வாங்க நல்ல ஊர்.

இரண்டாம் நாள்தான் காடு. வேம் தாண்டி சூர்ப்ரோட் நோக்கிப் போகப் போக மரமும் மாறும், காற்றும் மாறும். ஹோஹே ஃபென் என்கிற கரிச்சதுப்பு மேடு பக்கத்தில் இருக்கிறது. பெல்ஜியத்தின் மிக உயரமான இடம், 694 மீட்டர் போட்ராஞ்ச், அங்கேதான். மழை மேகம் முதலில் முட்டுகிற மேடு அது. ஆண்டுக்கு 1400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, அதுவும் எல்லா மாதத்திலும் பரவலாக. ஜூன் என்றாலும் மழைக்கோட்டும் மெல்லிய கையுறையும் பையின் மேலாகவே இருக்கட்டும். செயின் நனைந்தால் அன்று மாலையே துடைத்து எண்ணெய் விடு. சதுப்பின் மேல் போட்டிருக்கும் மரப்பலகை நடைபாதையில் சைக்கிள் கூடாது, பூட்டிவிட்டு நடந்து போகலாம். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் தீ அபாயம் என்று பொருள், நடக்கவும் அனுமதி இல்லை. சூர்ப்ரோட்டுக்கும் கால்டர்ஹெர்பெர்குக்கும் நடுவே பழைய தண்டவாளம் இன்னும் கிடக்கிறது, அதில் மிதித்து ஓட்டுகிற வண்டியை வாடகைக்கு விடுகிறார்கள்.

மோன்ஷாவுக்கு ஒரு இரவு கட்டாயம் கொடுங்கள். ரூர் ஆற்றின் இரு கரையிலும் மரச்சட்டங்களுக்கு நடுவே வெள்ளைப் பூச்சு, மேலே கறுப்புப் பலகைக்கல் கூரை என்று நெருக்கியடித்த வீடுகள். கம்பளித் துணியால் செல்வம் சேர்த்த ஊர். ஷைப்லர் என்ற துணி உற்பத்தியாளர் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய சிவப்பு வீடு இப்போது அருங்காட்சியகம். உள்ளே ஓக் மரத்தில் செதுக்கிய மாடிப்படிக் கைப்பிடியில் கம்பளி துணியாகிற வேலைகளைக் குட்டிக் குட்டி உருவங்களாக இழைத்திருக்கிறார்கள். கைவேலை தெரிந்த சுமதி அதை விட்டு நகரமாட்டாள்.

ஊருக்கு இறங்கும் வழி செங்குத்து. பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவது தவறு, ரிம்மோ டிஸ்க்கோ சூடேறிப் பிடிப்பு போய்விடும். வேகம் வந்ததும் அழுத்திக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்து. டிஸ்க் பிரேக்கில் உராயும் பட்டை ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் கிளம்பும் முன்பே மாற்றச் சொல். ஊருக்குள் உருளைக்கல் தளம், நனைந்தால் வழுக்கும், இறங்கித் தள்ளுவதே மேல். மறுநாள் காலை சாப்பிட்ட உடனே அந்த ஏற்றத்தில் ஏற வேண்டாம், அரை மணி விடுங்கள். தள்ளிக்கொண்டு போவதற்குத் தோதாக அடிப்பாகம் வளைகிற செருப்போ ஷூவோ போடுங்கள்.

மோன்ஷாவிலிருந்து வடக்கே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வா, சரித்திரம் காலடியில் ஓடும். 1919 வெர்சாய் ஒப்பந்தத்துக்குப் பின் இந்த வட்டாரம் பெல்ஜியத்துக்குப் போனபோது, ஜெர்மன் ஊர்கள் வழியே போகிற இந்தத் தடத்தையும் பெல்ஜியத்துக்கே கொடுத்தார்கள். தண்டவாளம் போய்விட்டது, மண் இன்னும் பெல்ஜிய மண்தான். சில மீட்டர் அகலத்தில் ஒரு நாடு, இரு பக்கமும் ஜெர்மனி. இந்தக் கோட்டுக்கு மேற்கே துண்டாகிப்போன ஜெர்மன் பகுதிகள் இன்று ஐந்து. லாமர்ஸ்டோர்ஃப், ரோட்கன் பக்கம் காட்டோரத்தில் பல் பல்லாக வரிசையாய் நிற்கும் கான்கிரீட் கட்டைகள் ஹிட்லர் காலத்து டாங்கித் தடுப்பு. 1944 செப்டம்பரில் அமெரிக்கப் படை கைப்பற்றிய முதல் ஜெர்மன் ஊர் இந்த ரோட்கன்தான்.

அதன்பின் இறக்கம். கால் சும்மா இருக்கும், கண் சும்மா இருக்கக்கூடாது. சாலையைக் கடக்கும் இடங்களில் கார் நுழையாமல் இருக்கப் பாதையில் கம்பம் நட்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் பேசிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதில் மோதுகிறார்கள், கம்பம் தெரிந்ததும் ஒருவர் பின் ஒருவராக வாருங்கள். ஆஹன் வருவதற்குச் சற்று முன் கோர்னெலிமுன்ஸ்டர். 9-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மடத்தைச் சுற்றி வளர்ந்த சிற்றூர். அதற்கும் இறங்க வேண்டும், ஆனால் அதுதான் கடைசி ஏற்றம் என்பதால் தயங்காதீர்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடை திறக்காது, சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கிவிடு. கல்லறைத் தோட்டக் குழாய்களில் தண்ணீர் வரும், ஆனால் குடிக்கக்கூடாது என்று பலகை இருக்கிறதா பார்த்துவிட்டுப் பிடி. வழி பிரியும் இடங்களில் எண் பலகைகள் இருக்கும். அன்றன்றைக்கு வேண்டிய எண்களை ஒரு சீட்டில் வரிசையாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போனை எடுக்க வேண்டியதே இல்லை.

விசா வந்ததும் தேதியை எழுது. உங்கள் இருவர் உயரத்தையும் சேர்த்து எழுதினால், கடையில் எந்த அளவுச் சட்டம் கேட்க வேண்டும் என்று பதில் போடுகிறேன். சுமதிக்கும் மகளுக்கும் என் அன்பு.

உன்
கண்ணன்