போன்ல பார்த்துட்டு வெப்சைட்ட வெளியிடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரிசல்ட், ஸ்காலர்ஷிப், சான்றிதழ், பில்லுன்னு எல்லாமே ஆன்லைன் ஆயிடுச்சு, சந்தோஷம்தான், ஆனா அந்த சைட்ட எல்லாம் டிசைன் பண்றவங்க ஒரு தடவையாவது சாதாரண ஸ்மார்ட்போன்ல திறந்து பாக்கறாங்களான்னு தெரியல. நான் பிரவுசிங் சென்டர் நடத்துறேன், போன்லயே முடிய வேண்டிய வேலைக்கு காசு குடுத்து எங்கிட்ட வராங்க. எனக்கு வருமானம்தான், இருந்தாலும் சொல்லணும்ல.

ஒரு ஃபார்ம், போன்ல பாதிதான் தெரியுது, சப்மிட் பட்டன் வலது பக்கம் ஸ்கிரீனுக்கு வெளிய எங்கயோ கிடக்கு. காரணம் பெருசா ஒண்ணும் இல்ல. பக்கத்த போன் ஸ்கிரீன் அகலத்துக்கு பொருத்தச் சொல்ற 'வியூபோர்ட்'னு ஒரு வரிய கோடுல போடாம விட்டா போன் அந்த பக்கத்த சுமாரா 980 பிக்சல் அகலம்னு எடுத்துக்கிட்டு மொத்தத்தையும் எறும்பு சைஸுக்கு சுருக்கிடும், அந்த வரிய போட்டாலும் டேபிள் அகலத்த 1000 பிக்சல்னு பூட்டி வச்சா பக்கவாட்டுல தள்ளிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். 320 பிக்சல் அகலத்துலயும் அப்படி தள்ளாம படிக்க முடியணும்னு 2018லயே சர்வதேச விதி வந்தாச்சு. தமிழ் பக்கம்னா இன்னும் கூத்து, 'அப்ளை'க்கு அளவெடுத்த பட்டன்ல 'விண்ணப்பிக்கவும்'னு திணிச்சா கடைசி ரெண்டு எழுத்து வெளிய தொங்கும், வரி இடைவெளி பத்தாம கொம்பும் சுழியும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும்.

கலர் விஷயம் இதவிட மோசம். வெள்ளை மேல வெளிர் சாம்பல் எழுத்து வைக்கறது இப்ப ஃபேஷன். சாதாரண எழுத்துக்கு கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 4.5க்கு 1 இருக்கணும்னு அதே விதி சொல்லுது, வெள்ளை மேல கறுப்புக்கு 21 வரும், #999999ங்கிற வெளிர் சாம்பல் போட்டா 3 கூட வராது. ஏசி ரூம்ல பெரிய மானிட்டர்ல அழகா இருக்கும், மத்தியானம் பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. அப்புறம் தப்பா நிரப்பின கட்டத்த சுத்தி சிவப்பு கோடு, சரின்னா பச்சை கோடு, அவ்வளவுதான், சிவப்பு பச்சை பிரிச்சு தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க? பக்கத்துலயே 'பின்கோடு தப்பு'ன்னு எழுதினா என்ன குறைஞ்சு போகும்?

அரசு சைட்டுகளுக்கு 2009லயே வழிகாட்டி நெறிமுறை வந்தும் இந்த கதி. சைட் டிசைன் வேலைய குடுக்கும்போதே, விலை கம்மியான போன்ல, வெயில்ல, பிரைட்னஸ் குறைச்சு வச்சு ஒரு ஃபார்ம முழுசா நிரப்பி காட்டினாதான் பணம்னு கண்டிஷன் போடுங்க. உங்க பேப்பரோட சைட்லயும் தேதி எழுத்து வெளிர் சாம்பல்தான் சார், அதையும் கொஞ்சம் பாருங்க.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர்காரர், ஈரோடு