கெம்னிட்ஸிலிருந்து அம்மாவுக்கு

கெம்னிட்ஸ், ஜெர்மனி
16 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பருப்புப்பொடி பொட்டலத்துக்கு அடியில் நீ மடித்து வைத்திருந்த கடிதத்தை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். தினமும் போனில் பேசுகிறோம், ஆனால் இதில் எழுதியிருக்கும் எதையும் நீ வாய்விட்டுச் சொன்னதில்லை. தம்பி ஃபீஸுக்கு வளையலை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வேலை விஷயம்.

வேலை கிடைத்துவிட்டது அம்மா. ஒரு பேக்கரியில், சனி ஞாயிறு காலை ஐந்தரையிலிருந்து பத்தரை வரை. மணிக்கு 12.82 யூரோ. அதற்குக் குறைத்து யாருக்கும் தரக் கூடாதென்று சட்டம். ஜனவரியிலிருந்து 13.90 ஆகிறது. இந்த மாதிரி வேலைக்கு 'மினிஜாப்' என்று பேர், மாதச் சம்பளம் 556 யூரோவைத் தாண்டக் கூடாது. எங்களைப் போல வந்து படிக்கிறவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்யலாம், விசாவுக்கு ஒன்றும் ஆகாது. அப்பா இதைத்தான் முதலில் கேட்பார், சொல்லிவிடு.

இதற்கு முன்னால் 43 இடத்துக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தால் முழுசாகப் படிப்பதில்லை, 'லைடர்' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் தேடுவேன். 'வருந்துகிறோம்' என்று அர்த்தம், அது இருந்தால் வேலை இல்லை. இங்கிலீஷ் போதும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். வகுப்புக்குப் போதும், கல்லாவில் நிற்கப் போதாது. நுங்கம்பாக்கத்துக்கு பஸ் மாறி மாறிப் போய் மேக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் ஏ2 நிலை வரை படித்தது இப்போதுதான் கைகொடுக்கிறது. நடுவில் ஒரு ஓட்டலில் பழகிப் பார்க்கச் சொல்லி மூன்று நாள் பாத்திரம் தேய்க்க வைத்தார்கள், நாலாம் நாள் வர வேண்டாம் என்று காசு தராமல் அனுப்பிவிட்டார்கள். அப்போது உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை.

விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தது கீழ்வீட்டுப் பாட்டிதான். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டு சத்தம் பண்ணினேன் என்று கதவைத் தட்டினாரே, அவரேதான். படிக்கட்டில் என் கையிலிருந்த தாளை வாங்கினார், அங்கேயே உட்கார்ந்து பென்சிலால் பதினொரு தப்பு போட்டார், மறுநாள் எழுதிக் கொண்டு வா என்றார். டீச்சராக இருந்தவராம். 1953 முதல் 1990 வரை இந்த ஊருக்கே கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்றுதான் பேர். இன்னமும் மெயின் ரோட்டில் மார்க்ஸின் தலை மட்டும் வெண்கலத்தில், ஏழு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. விடியாத குளிரில் அதைத் தாண்டித்தான் வேலைக்கு நடக்கிறேன். பின்னி மில்லில் வேலை பார்த்த தாத்தா சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கி உழைப்பாளர் சிலையைக் காட்டியது ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வருகிறது. அவர் இதைப் பார்க்காமல் போய்விட்டார்.

முதல் நாள் ஒரு பெரியவர் கைகாட்டிய ரொட்டியை எடுத்து, இதுவா என்று கேட்டேன். 'நு' என்றார். 'நோ' என்று நினைத்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதற்கும் 'நு'. இந்தப் பக்கத்து ஜெர்மனில் 'நு' என்றால் ஆமாமாம்! எண்ணும் அப்படித்தான், இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்பார்கள். இப்போது பழகிவிட்டது, சில்லறை தப்புவதில்லை.

பின்கட்டில் மாவு புளிக்க வைத்திருப்பார்கள். இன்று காலை அந்தப் பெரிய பாத்திரத்தின் மூடியைத் திறந்தார்கள். அப்படியே நம் வீட்டு இட்லி மாவு வாசனை அம்மா. மூன்றாம் நாள் தோசைக்கு வைப்பாயே, அந்தப் புளிப்பு. கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். எட்டு மாதமாக எனக்கு அழுகை வந்ததில்லை. கண்ணில் மாவு பட்டுவிட்டது என்று சொல்லி முகம் கழுவிக்கொண்டேன்.

பணத்துக்குக் குறைவில்லை. வரும்முன் விசாவுக்காக பேங்க்கில் கட்டிய 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 தவறாமல் வருகிறது. மார்ச்சில் அது முடிந்து விசா நீட்டிப்பு வரும், பார்த்துக்கொள்ளலாம். விற்காத ரொட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் ராத்திரி சமையல் இல்லை. ஹீட்டரையும் குறைத்துத்தான் வைக்கிறேன், எனக்கு அதுவே பழகிவிட்டது.

சரி, வீட்டு விஷயம். மொட்டைமாடித் தண்ணீர்க்குழாய் ஒழுகுவதை மழை வலுக்கும் முன் கொத்தனாரை விட்டு அடைத்துவிடு, அப்பா ஏற வேண்டாம். பாட்டிக்குக் கண் சொட்டு மருந்தை நீயே போடு, தானே போட்டுக்கொள்கிறேன் என்று கன்னத்தில் விட்டுக்கொள்வார். அயனாவரம் அத்தையிடம் என் கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல். பேங்க்கில் வட்டி மெசேஜ் வந்தால் எனக்கு அனுப்பு, அப்பாவிடம் காட்டாதே.

வளையலை வைக்காதே. அது பாட்டி கையிலிருந்து உன் கைக்கு வந்தது. என் கடனுக்காகச் செயின் போனது போதும். டிசம்பர் முதல் வாரம் சம்பளம் வந்ததும் 200 யூரோ அனுப்புகிறேன், தம்பியின் முதல் தவணைக்கு ஆகும். காலேஜில் பத்து நாள் தவணை கேட்கச் சொல், தருவார்கள். அதற்கும் மீறி ஏதாவது நெருக்கடி என்றால், அடகுக் கடைக்குக் கிளம்பும் முன் எனக்குப் போன் செய். இங்கே நாலரை மணி நேரம் பின்னால். எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

உன்
பெரியவள்