எத்தனை நிலையங்கள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ ஆய்வுத் துறை வேலைவாய்ப்புகள் பற்றிய தங்கள் கட்டுரை, செயலாக்க அறிவியல் எனப்படும் இம்ப்ளிமென்டேஷன் சயின்ஸை இரண்டு வரிகளில் கடந்துவிட்டது. பலன் தரும் என்று நிரூபணமான சிகிச்சை அன்றாட மருத்துவத்துக்குள் ஏன் நுழைவதில்லை, நுழைந்தாலும் ஏன் நிலைப்பதில்லை என்று ஆராயும் துறை இது. ஆரம்ப சுகாதார ஆய்வுக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ரத்த அழுத்தத்துக்கான ஒரு சிகிச்சை நெறிமுறையைச் சுகாதார நிலையங்களில் புகுத்துகிறோம். ஓராண்டு கழித்தும் அழுத்தம் குறையவில்லை. நெறிமுறையே தவறா? செவிலியர்கள் அளக்கவே இல்லையா? அளந்தும் மருந்தின் அளவை யாரும் கூட்டவில்லையா? நோயாளியின் அளவீட்டை மட்டும் சேகரித்தவரால் பதில் சொல்ல முடியாது. அமெரிக்க ஆய்வாளர் எனோலா பிராக்டரின் குழுவினர் 2011இல், ஒரு சிகிச்சை நடைமுறைக்கு வந்த விதத்தை அளக்கும் எட்டு செயலாக்க விளைவுகளை வகுத்தார்கள். அவற்றில் மூன்றையாவது திட்டமிடும்போதே சேர்த்துவிட வேண்டும்: எத்தனை நிலையங்கள் ஏற்றுக்கொண்டன, வகுத்தபடியே செய்தனவா, ஆய்வு நிதி நின்றபின் தொடர்ந்தனவா.

புதியவர்கள் பெரிதும் தடுமாறுவது மாதிரி அளவில்தான், அதாவது எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பது என்பதில். ஒரே நிலையத்துக்கு வரும் நோயாளிகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். மருத்துவரும் பழக்கங்களும் அவர்களுக்குப் பொது. 20 நிலையங்கள், நிலையத்துக்கு 50 பேர் என 1,000 பேரைச் சேர்த்தாலும், கொத்துக்குள் ஒட்டுறவு (ஒரே நிலையத்தினர் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு) 0.05 என்றால் வடிவமைப்பு விளைவு (அந்த ஒற்றுமைக்காக மொத்த எண்ணிக்கையை வகுக்க வேண்டிய எண்) 1 + (49 × 0.05), அதாவது 3.45. கையில் மிஞ்சும் பலம் 290 பேருக்குச் சமம். நிலையத்துக்கு 100 பேராக இரட்டித்தால் 336 ஆகிறது, அவ்வளவுதான். நிலையங்களை 40 ஆக்கினால் 580. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை நிலையங்கள் என்பதே. பாதியில் விலகும் நிலையங்களுக்கும் இடம் விட்டுக் கணக்கிட வேண்டும். புள்ளியியலாளரைத் தரவு வந்தபின் தேடுவதில் பயனில்லை.

முனைவர் பட்டத்துக்குக் கிடைப்பது மூன்று, நான்கு ஆண்டுகள். ஆய்வு அறநெறிக்குழு ஒப்புதல், ஒவ்வொரு நிலையத்துடனும் உடன்பாடு, பயிற்சி என்று முதல் ஆண்டு ஓடிவிடும். நிலைத்ததா என்று பார்க்க, புகுத்தியபின் ஓராண்டாவது வேண்டும். தனியொருவர் முழுச் சோதனையையும் சுமக்காமல், நடந்துகொண்டிருக்கும் பெரிய திட்டத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதே நல்லது. புகுத்தியது எப்படி நடந்தது, ஏன் அப்படி நடந்தது என்று ஆராயும் செயல்முறை மதிப்பீடு அதற்கு மிகப் பொருத்தம். ஆனால் ஊழியர் நேர்காணல்களைச் சோதனை நடக்கும்போதே செய்ய வேண்டும். முடிவு தெரிந்தபின் கேட்டால், அதற்கேற்ற காரணங்களே நினைவுக்கு வரும். நேர்காணல் பகுப்பாய்வு, புள்ளியியல் இரண்டிலும் பயிற்சி இல்லாமல் இத்துறையில் காலூன்றுவது கடினம்.

பேராசிரியர் தேர்வுக்குழுக்களிடமும் ஒரு வேண்டுகோள். கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், நிலையங்களோடு பொறுமையாக உழைத்தவர் பின்தங்கிவிடுவார். ஆய்வுத் திட்டக் கட்டுரை, செயல்முறை மதிப்பீடு, பலனில்லை என்று நேர்மையாகச் சொன்ன முடிவு, ஆய்வுக்குப் பின்னும் நிலையங்கள் கைவிடாத நடைமுறை ஆகியவற்றுக்கும் மதிப்பெண் தாருங்கள்.

இப்படிக்கு,
ஆரம்ப சுகாதார ஆய்வாளர் ஒருவர்